திரு. தர்க்கெட்டில் என்பவர் சாகவில்லை என்பது பற்றி அத்தானுக்கு

கிளீதார்ப்ஸ், இங்கிலாந்து
14 நவம்பர் 2017

பெருமதிப்பிற்கும் ஓரளவு பயத்திற்கும் உரிய எவெலியோ அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் ஃப்ரோய்லான் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது.

கடிதம் என்றால் இவ்விடம் அனைவரும் நலம் என்று தொடங்க வேண்டும். நான் வேலை பார்ப்பது முதியோர் இல்லத்தில். இவ்விடம் ஒருவரும் நலமில்லை. நலமாக இருப்பவர்களை இங்கே சேர்த்துக்கொள்வதும் இல்லை. அவ்விடம் நீங்களும் ஒப்துலியா அக்காவும் சுகமாக இருந்தால் எனக்குச் சந்தோஷம். உங்கள் மூட்டுவலி மட்டும் குறையாமல் இருந்தால் இன்னும் கொஞ்சம் சந்தோஷம். ஒரு மைத்துனன் இப்படி எழுதலாமா என்று கோபப்படாமல் மேலே படியுங்கள், காரணம் தானே தெரியும்.

போன வருஷம் ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லா பன்யேஸாவில் உங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்து காபியோடு உட்கார்ந்திருந்தோம், நினைவிருக்கும். இருபத்தாறு வருஷம் நான் நர்ஸாக இருந்த கிளினிக்கை மூடி ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஐம்பத்தொரு வயது நர்ஸுக்கு வேலை தர லியோன் ஜில்லா முழுக்க ஒரு ஆள் இல்லை. இங்கிலாந்தில் நர்ஸ் கிடைக்காமல் அலைகிறார்கள் என்று பேப்பரில் படித்ததைச் சொன்னேன். எனக்கு இங்கிலீஷ் வராதே என்பதையும் அதே மூச்சில் சொன்னேன். நான் வாயை மூடிக்கொண்டு காபியைக் குடித்திருக்கலாம். நீங்கள் நாற்காலியில் சாய்ந்து, பல் குத்தும் குச்சியை வாயிலிருந்து எடுத்தீர்கள்.

"டேய், இங்கிலீஷ் ஒரு பாஷையே இல்லடா. நம்ம ஸ்பானிஷோட வாலை வெட்டினா அதான் இங்கிலீஷ். மெதிசினா, வாலை வெட்டு, மெடிசின். பசியென்தே, வாலை வெட்டு, பேஷன்ட். அதுவும் வைத்தியத்துல எல்லாம் லத்தீன்லேர்ந்து வந்த வார்த்தை. உனக்கு முக்காவாசி இப்பவே தெரியும். மூணே மாசம்!"

அக்கா கூட, "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். "எண்பத்தெட்டுல ஆறு வாரம் நான் அங்க வேலை பாத்தவன்" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டீர்கள். பார்த்தீர்கள், உண்மைதான். ஓட்டல் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தீர்கள். ஆறு வாரமும் அந்த உருளைக்கிழங்குகளோடு என்ன பாஷையில் பேசினீர்கள் அத்தான்? இதை அன்றைக்கே கேட்டிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதம் இருந்திருக்காது.

இங்கே நான் நர்ஸ் இல்லை. நர்ஸ்களுக்கான இங்கிலீஷ் பரீட்சையில் தேறும்வரை உதவியாள். குளிப்பாட்டலாம், ஊட்டலாம், படுக்கை விரிக்கலாம். ஊசியையும் மாத்திரையையும் தொடக்கூடாது. என் பெயர் யார் வாயிலும் நுழையாததால் ஃப்ராங்க் என்று கூப்பிடுகிறார்கள். இல்லத்தை நடத்துவது க்ளெனிஸ் என்ற அம்மாள், அறுபது வயது, நல்ல மனசு, எல்லோரையும் கண்ணு என்பார். அவரிடம்தான் உங்கள் வால் வெட்டும் சாஸ்திரத்தை முதன்முதலில் பரீட்சை செய்தேன். வந்த ஒன்பதாம் நாள் எனக்கு ஜலதோஷம் பிடித்தது. நம்மூரில் அதைக் கான்ஸ்டிபாடோ என்போம். வாலை வெட்டினேன். கிழவர்களுக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்று வாசலிலேயே நின்றுகொண்டு, "மேடம், கிட்ட வராதீங்க, நான் பயங்கர கான்ஸ்டிபேட்டட்" என்றேன்.

"அய்யோ பாவம். அதுக்கு ஏன் கண்ணு வாசல்லயே நிக்கற?"

"உங்களுக்கும் தொத்திக்கும் மேடம். பஸ்ல பக்கத்துல உக்காந்திருந்தவன்தான் எனக்குக் குடுத்தான். காலையிலேர்ந்து மூக்கு வழியா வந்துட்டே இருக்கு."

அந்தம்மா முகம் போன போக்கை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். பெரிய கிளாஸில் உலர்ந்த ப்ளம் பழச் சாறும், அதில் கலந்து குடிக்க ஒரு பொடியும் வந்தது. இந்த ஊர்க் கைவைத்தியம் போலிருக்கிறது என்று மிச்சம் வைக்காமல் குடித்தேன். அந்த வார்த்தைக்கு இங்கே மலச்சிக்கல் என்று அர்த்தமாம். எனக்குச் சிக்கல் எதுவும் இல்லாத இடத்தில் அந்தப் பொடி போய் வேலை செய்தது. இரண்டு நாள். ஜலதோஷம் அப்படியேதான் இருந்தது, ஆனால் தும்மப் பயமாக இருந்தது.

அப்போதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு வார்த்தைதானே தப்பியது, மற்றதெல்லாம் அத்தான் சொன்னபடிதான் இருக்கும் என்று நினைத்தேன். உங்கள்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. புதன்கிழமைதோறும் நூலகத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு வகுப்பு. டாம்சின் என்ற பெண் சொல்லிக்கொடுக்கிறாள். ஆறு மாதக் கர்ப்பிணி. கரும்பலகை முன்னால் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே இருந்தாள். நர்ஸாக இருந்தவனுக்கு மனசு கேட்குமா? கர்ப்பிணியை நாம் எம்பரஸாடா என்போம். வாலை வெட்டினேன். என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் முன்னால் போட்டு, "உட்காருங்க டீச்சர், நீங்க எம்பரஸ்டா இருக்கீங்க" என்றேன்.

"இல்லையே, நான் நல்லாத்தான் இருக்கேன்."

"மறைக்காதீங்க டீச்சர். தூரத்துலேர்ந்தே தெரியுது. வீட்டுக்காரருக்கு சந்தோஷமா?"

வகுப்பில் இருந்த போலந்துக்காரர்கள் இருவரும் சிரித்துச் சிரித்து மேஜைக்கு அடியில் போய்விட்டார்கள். அந்த வார்த்தைக்கு இங்கே வெட்கத்தில் நெளிவது என்று பொருளாம். நான் சொன்னபோது அது பொய்யாக இருந்தது. சொல்லி முடித்ததும் உண்மையாகிவிட்டது.

சரி, வார்த்தைதான் இப்படி, இலக்கணமாவது ஒழுங்காக இருக்குமா என்றால், அது அதைவிட மோசம். நமக்கு வயசு இருக்கும், பசி இருக்கும், குளிர் இருக்கும். எல்லாம் நம்மிடம் வந்து போகிற சாமான்கள். இவர்களுக்கு அப்படி இல்லை. இவர்களே பசி, இவர்களே குளிர், இவர்களே ஐம்பத்தொன்று. ஜலதோஷம் மட்டும் இவர்களிடம் 'இருக்கும்', அதற்கு முன்னால் ஒரு 'ஏ' போட வேண்டும். வயிற்றுப்போக்குக்கு அந்த 'ஏ' கிடையாது. ஏன் என்று டாம்சினைக் கேட்டேன். "அதை எண்ண முடியாதே" என்றாள். நான் எண்ணியிருக்கிறேன் அத்தான். அந்தப் பொடி குடித்த இரண்டு நாளும் எண்ணினேன். பிறகு அந்த எஸ். அவன், அவள், அது என்று வந்தால் வினைச்சொல் பின்னால் ஒரு எஸ் ஒட்ட வேண்டும். ஒட்ட வேண்டிய இடத்தில் மறந்துபோகும், மறந்துபோனதை ஈடுகட்ட மற்ற எல்லா இடத்திலும் ஒட்டிவிடுவேன். நான் பேசினால் பக்கத்தில் பாம்பு வருகிற மாதிரி இருக்கிறது என்று சமையல்காரி சொன்னாளாம்.

என் பேச்சைப் பொறுமையாகக் கேட்டவர் ஒரே ஒருவர்தான், ஹொரேஸ் தர்க்கெட்டில். எண்பத்தெட்டு வயது, மீன்பிடிக் கப்பலில் நாற்பது வருஷம் கேப்டன். ஒரு காது சுத்தமாகக் கேட்காது, அந்தக் காதுப் பக்கம்தான் நான் எப்போதும் நிற்பேன். பசிக்கிறதா என்று கேட்பது என் வாயில் கோபமா என்று கேட்பது போல்தான் வரும், ஹங்ரி, ஆங்ரி என்ற இரண்டு வார்த்தைக்கும் நடுவில் உள்ள மயிரிழை வித்தியாசம் எனக்குப் பிடிபடவே இல்லை. மத்தியானம் தட்டோடு போய் நின்று "கோபமா சார்?" என்பேன். அவர் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "நீ என்ன கொண்டாந்திருக்கேன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்பார். பதினோரு மாதம் இது தினமும் நடந்தது. நான் திருத்திக்கொள்ளக் கூடாது என்று அவரே க்ளெனிஸிடம் சொல்லி வைத்திருந்தார் என்று பின்னால்தான் தெரிந்தது.

நடுவில் மருந்துக்கடைக்காரரோடு சண்டை. ஒரு பாட்டியம்மாவின் மாத்திரை டப்பாவில் 'தினமும்' என்று போட்டு, பக்கத்தில் o, n, c, e என்று நாலெழுத்து. ஒன்ஸே! பதினொன்று! ரத்த அழுத்தத்துக்கு ஒரு நாளைக்குப் பதினோரு மாத்திரையா? மாத்திரையை நான் தொடக்கூடாதுதான், ஆனால் கொலையைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? மருந்துக்கடைக்குப் போன் போட்டுக் கத்தினேன். "எந்தக் காலேஜ்ல படிச்சீங்க? பதினொண்ணு குடுத்தா அந்தம்மா சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேந்துடுவாங்க!" அந்த மனுஷர் பாவம், "ஒண்ணுதான் சார், ஒண்ணே ஒண்ணு" என்று கெஞ்சினார். "அப்ப ஏன் பதினொண்ணுன்னு எழுதினீங்க?" அரைமணி நேரம். அந்த நாலெழுத்துக்கு இங்கிலீஷில் 'ஒரு தடவை' என்று அர்த்தமாம். இதற்கு வாலே கிடையாது அத்தான். வெட்டவும் இல்லை, ஒட்டவும் இல்லை, அதே நாலெழுத்து. இதற்கு உங்கள் சாஸ்திரத்தில் என்ன பரிகாரம்?

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அக்டோபர் மூன்றாம் தேதி நடந்ததற்குச் சிரிக்க முடியவில்லை.

அன்று காலை பத்தரை மணிக்கு தர்க்கெட்டிலைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, எழுப்பி நிறுத்தினேன். மனுஷர் சட்டென்று நிமிர்ந்தவர், முகம் வெளுத்து அப்படியே சரிந்தார். தரையில் விழுவதற்குள் தாங்கிப் பிடித்தேன். படுக்கவைத்து, காலைத் தூக்கி, நாடியைப் பிடித்து, கழுத்துப் பட்டனைத் தளர்த்தி, எல்லாம் என் கை தானாகச் செய்தது. ஒன்றரை நிமிஷத்தில் கண்ணைத் திறந்து, "டீ ஆறிப்போயிருக்குமே" என்றார். க்ளெனிஸ் ஓடிவந்து பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். "சபாஷ் ஃப்ராங்க். யாரும் இதைவிட நல்லாப் பண்ணிருக்க முடியாது." பதினான்கு மாதத்தில் அந்த ஒன்றரை நிமிஷம்தான் நான் நர்ஸாக இருந்தேன். தலை கால் புரியாத சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதுதான் அந்தம்மா சொன்னார்: "நான் டாக்டர்கிட்டப் பேசறேன். நீ அவர் மகளுக்குப் போன் போட்டு, பாஸ் அவுட் ஆயிட்டார், இப்ப சரியாயிட்டார்னு சொல்லிடு. நீதானே கூட இருந்தே."

டாம்சின் போன வாரம்தான் 'பாஸ்' குடும்பத்தை நடத்தியிருந்தாள். பாஸ் என்ற ஒரு வார்த்தை. அதற்குப் பின்னால் அவுட் வந்தால் மயக்கம், அவே வந்தால் மரணம், ஆன் வந்தாலும் மரணம், வாட்டர் வந்தால் சிறுநீர். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். நோட்டு அறையில் இருந்தது. நான் போனில் இருந்தேன்.

"மேரியன் மேடம்? நான் ஃப்ராங்க், இல்லத்துலேர்ந்து பேசறேன். உங்க அப்பா பத்தரை மணிக்கு பாஸ் அவே ஆயிட்டார்."

அந்தப் பக்கம் விம்மல். அப்பாமேல் என்ன பாசம் என்று நினைத்துக்கொண்டேன். தேற்றினேன் அத்தான். நான் என் வாயாலேயே தேற்றினேன்.

"அழாதீங்க மேடம். இந்த வயசுல இது சகஜம். போன மாசமும் ஒரு தடவை ஆச்சு, நாங்கதான் உங்ககிட்டச் சொல்லல. அவசரமே இல்ல, மெதுவா வாங்க. ஜன்னலோரமா உக்கார வச்சிருக்கோம்."

இதில் அந்தம்மா காதில் எவ்வளவு விழுந்தது என்று தெரியாது. போன் எப்போதோ கையிலிருந்து நழுவியிருக்க வேண்டும். நான் மட்டும் கடைசிவரை பேசி, வணக்கம் சொல்லி வைத்தேன். க்ளெனிஸிடம் போய், "சொல்லிட்டேன் மேடம், ரொம்ப உருகிட்டாங்க" என்றேன். "நல்ல பொண்ணு" என்றார் அவரும்.

மூன்று மணிக்கு மேரியன் வந்தார். கறுப்பு உடுப்பு. கூட அவர் கணவர், கறுப்பு டை. பின்னால் பாதிரியார். எல்லோருக்கும் பின்னால் ஒரு ஆள் உயரத்துக்குப் பூக்கொத்து, அதைத் தூக்கி வந்தவர் முகம்கூடத் தெரியவில்லை. தர்க்கெட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து கஸ்டர்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கதவு திறந்ததும் பூவைப் பார்த்தார், பாதிரியாரைப் பார்த்தார், கரண்டியை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டார்:

"யாரு போயிட்டா?"

மேரியன் சத்தமே போடாமல் அப்படியே பின்னால் சாய்ந்தார். கணவர் பிடித்துக்கொண்டார், அவரைப் பாதிரியார் பிடித்துக்கொண்டார். நான் க்ளெனிஸைக் கூப்பிட ஓடினேன். அலுவலக வாசலில் போய் நின்றதும்தான் புரிந்தது, என்ன ஆயிற்று என்று சொல்ல எனக்கு அந்தப் பாஸ் வார்த்தை வேண்டும். இன்னொரு தடவை அந்தக் குடும்பத்தில் ஒருவரைச் சாகடிக்க எனக்குத் தைரியம் இல்லை. சொல்வதற்குப் பதில் செய்து காட்டிவிடலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே தரையில் விழுந்தேன்.

"ஃப்ராங்க் விழுந்துட்டான்!" என்று க்ளெனிஸ் அபாய மணியை அழுத்தினார். இரண்டு பேர் சக்கர நாற்காலியோடு ஓடிவந்து என்னைத் தூக்கி உட்காரவைத்து பெல்ட் போட்டார்கள். "நான் இல்ல, நான் இல்ல, அவங்க!" என்கிறேன். "பிதற்றறான், ஆக்ஸிஜன் கொண்டா" என்கிறார்கள். முகமூடியை மாட்டி என்னை அந்த அறை வழியாகவே தள்ளிக்கொண்டு போனார்கள். தர்க்கெட்டில் என்னைப் பார்த்து, "நீயுமா?" என்று கையை ஆட்டினார்.

மேரியன் தெளிந்து எழுந்தபோது நடந்ததெல்லாம் தெரியவந்தது. அதற்குள் கனடாவில் இருக்கும் தம்பி விமானம் ஏறியிருந்தார். மீனவர் சங்கத்தில் கொடியைப் பாதிக்கம்பத்துக்கு இறக்கியிருந்தார்கள். அந்தம்மா என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. என்னைப் பார்க்காமல், க்ளெனிஸைப் பார்த்து மெல்லிய குரலில் சொன்னார்: "இனிமே அந்த ஆளை எங்கப்பா பக்கத்துல விடாதீங்க." சரி என்றார் க்ளெனிஸ். வேறென்ன சொல்வார்?

மறுநாளிலிருந்து என்னை மாடிக்கு மாற்றிவிட்டார்கள். பத்து நாள் இரங்கல் அட்டைகளாக வந்து குவிந்ததாம். தர்க்கெட்டில் காலைச் சாப்பாட்டின்போது ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்து, யார் யார் இன்னும் அனுப்பவில்லை என்று தனியாக ஒரு பட்டியல் போட்டாராம். நாலு மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்த மகள், இப்போது என்னிடமிருந்து அப்பாவைக் காப்பாற்ற வாரத்துக்கு மூன்று தடவை வருகிறார். இதையெல்லாம் சமையல்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மத்தியானம் யாரோ வேறொருவர் அவருக்குத் தட்டு கொண்டுபோகிறார்கள். சரியான உச்சரிப்போடு பசிக்கிறதா என்று கேட்கிறார்கள். அவர் பதிலே சொல்வதில்லையாம்.

பரீட்சை விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். மூன்றாம் தடவை எழுதினேன். பேச்சுப் பரீட்சையில் நோயாளியாக நடிக்க ஒருவர் வந்து எதிரே உட்கார்ந்தார். "ரெண்டு வாரமா வானிலைக்கு அடியில இருக்கற மாதிரி இருக்கு" என்றார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், நல்ல மழை. "நாம எல்லாருமே அதுக்கு அடியிலதான் சார் இருக்கோம்" என்று ஆறுதல் சொன்னேன். அவர் கண்கூட ஈரமாகிவிட்டது. உடம்பு சரியில்லை என்பதை இவர்கள் அப்படிச் சொல்வார்களாம். போன வாரம் முடிவு வந்தது. தேறவில்லை. இரண்டு தடவை தேறாதபோது அடுத்த தடவை என்று ஒன்று இருந்தது. இப்போது அப்படி எதுவும் தோன்றவில்லை.

அத்தான், கோபத்தில் ஆரம்பித்த கடிதம், கோபம் வழியிலேயே தீர்ந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் மணிக்கட்டைப் பிடித்தால் ஜுரம் எவ்வளவு என்று என் விரலுக்குத் தெரியும். மூச்சு விடுகிற சத்தத்தை வைத்தே நெஞ்சில் சளி எந்தப் பக்கம் கட்டியிருக்கிறது என்று தெரியும். தெரிந்ததைச் சொல்லத்தான் வாயில்லை. மாடியில் ஒரு பாட்டியம்மா, போன மாதம் ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் ஏதோ சொன்னார். அழுதுகொண்டே சொன்னார். யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்குப் புரிந்தது இரண்டே வார்த்தை. ஒன்று மஞ்சள், இன்னொன்று வியாழக்கிழமை. நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். புரிந்தவன் மாதிரி ஆட்டினேன். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். நாலாம் நாள் போய்விட்டார். அவர் கடைசியாக மனசைத் திறந்தது என்னிடம்தான், என்னிடம் கேட்டால் மஞ்சள், வியாழக்கிழமை என்பேன். அவர் பிள்ளைகள் வந்து சாமான்களை எடுத்துப்போனபோது நான் சலவை அறையில் ஒளிந்துகொண்டேன். இருபத்தாறு வருஷத்தில் எந்த நோயாளியையும் நான் அப்படி ஏமாற்றியதில்லை.

ஆகவே நேற்று ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். அதையும் விட்டேனா? போக உத்தேசிக்கிறேன் என்பதற்கு நம் பாஷையில் வரும் ப்ரெதென்தேர் என்ற வார்த்தையின் வாலைப் பழக்கதோஷத்தில் வெட்டிவிட்டேன். க்ளெனிஸ் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அடுத்த வாரம் சனிக்கிழமை ஊருக்குப் போற மாதிரி நடிக்கப்போறேன்னு எழுதிருக்கே கண்ணு. எதுக்கு நடிக்கணும்?" பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வாசலைக் காட்டி, கையை ஆட்டிக் காண்பித்தேன். இந்தத் தடவை புரிந்துகொண்டார்.

அடுத்த வாரம் சனிக்கிழமை மாலை ஆறு மணி பஸ்ஸில் லா பன்யேஸா வந்து இறங்குகிறேன். ஒரே ஒரு பெட்டிதான். ஸ்டாண்டுக்கு நீங்கள் வந்தால் போதும், அக்காவை அழைத்துவர வேண்டாம், அவள் அழுதால் நானும் அழுதுவிடுவேன். என்ன நடந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால் இங்கிலீஷ்காரர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். அது பொய்தான். என்னிடம் ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

ஒப்துலியா அக்காவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். அவள் கால் வீக்கத்துக்கு உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள், இதை நான் நர்ஸாகச் சொல்கிறேன். உங்களுக்கு வழக்கமான அணைப்பு, கொஞ்சம் தளர்வாக. ஊரில் என்னை விசாரிப்பவர்களுக்கெல்லாம் என் வணக்கம், விசாரிக்காதவர்களுக்கு இரட்டை வணக்கம்.

இப்படிக்கு,
எந்தப் பாஷையிலும் இனி வாய் திறப்பதாக இல்லாத,
ஃப்ரோய்லான்

பி.கு.: புதன்கிழமை, மத்தியானம். அத்தான், உறையை ஒட்டித் தபால்பெட்டிக்குக் கொண்டுபோகும் வழியில் கீழ்த்தளத்தில் க்ளெனிஸ் நிறுத்தினார். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பாட்டியம்மாவை அனுப்பியிருக்கிறார்கள். எண்பத்தாறு வயது, காகிதத்தில் மிஸஸ் ஹார்க்ரீவ்ஸ் என்று இருக்கிறது. மூளையில் ரத்தம் அடைத்ததிலிருந்து பேச்சு குழறிவிட்டது, நாலு நாளாக உளறல்தான், சாப்பிடவும் மாட்டேன் என்கிறார், படுக்கையை மாற்றும்போது கொஞ்சம் பிடித்துக்கொள் என்றார். கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெண் அழுகிற குரல்.

"கால் சில்லுனு இருக்கு. யாருமே வர மாட்டேங்கறாங்க. நான் ஒண்ணும் தப்புப் பண்ணல."

நம் பாஷை அத்தான். அச்சு அசலாகப் பில்பாவோ பேச்சு. பெயரைக் கேட்டேன், பெனிக்னா என்றார், மற்றதைப் பிறகு அவருடைய பழைய காகிதங்களில் பார்த்தோம். முப்பத்தேழில் நம் நாட்டு உள்நாட்டு யுத்தத்துக்குப் பயந்து குழந்தைகளைக் கப்பலேற்றி இந்தக் கரைக்கு அனுப்பினார்களே, அதில் வந்த ஆறு வயதுப் பெண். இங்கேயே வளர்ந்து, இங்கேயே கல்யாணம் செய்து, எண்பது வருஷம் இங்கிலீஷ் பேசியவர். அந்த இங்கிலீஷ் மொத்தமும் போன வாரம் போய்விட்டது, அடியில் இருந்தது மட்டும் மிச்சம்.

பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க வலிக்குதுடா கண்ணு?" என்று கேட்டேன். பதினான்கு மாதமாக இந்தக் கேள்வியை நான் தட்டுத்தடுமாறாமல் கேட்டதில்லை. அந்தம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். கால் குளிர்கிறது, இடுப்பில் எரிகிறது, கஞ்சி இனிப்பாக இருக்கிறது, பக்கத்துப் படுக்கைக்காரி முறைக்கிறாள். ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது. இடுப்பைப் பார்த்தேன், படுக்கைப் புண் ஆரம்பம், ஒருவரும் கவனிக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாமா, கப்பல் எப்பத் திரும்பிப் போகும்?" என்று கேட்டார். "இன்னும் சொல்லல. சொன்னதும் நானே வந்து உன்னை எழுப்பறேன்" என்றேன். சரி என்று தலையை ஆட்டி, பூண்டு சூப் இருக்கிறதா என்றார். சமையலறையில் நானே வைத்துக் கொண்டுவந்தேன். ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தார். க்ளெனிஸ் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன சொல்றாங்க ஃப்ராங்க்?" என்றார். புண் இருக்கும் இடத்தைக் காட்டினேன். அதோடு, "ஷி ஹேஸ் கோல்ட் ஃபீட்" என்று நிமிர்ந்து நின்று சொன்னேன்.

"பயமா? எதுக்குப் பயப்படறாங்க?"

கால் குளிர்கிறது என்றால் இவர்களுக்குப் பயந்து பின்வாங்குவது என்று அர்த்தமாம். விளக்கிக்கொண்டு நிற்க நேரமில்லை. என் காலுறையைக் கழற்றி மாட்டிவிட்டேன், அது அந்தம்மாவுக்கு முழங்கால்வரை வந்தது. ராஜினாமாக் காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமை நீங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம். அக்காவிடம் சொல்லிக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பின்னி உடனே அனுப்பச் சொல்லுங்கள். சின்னப் பாதம், என் உள்ளங்கையைவிட ஒரு விரல்தான் நீளம்.